தாத்தா கூப்பிட்டால் ஓடி ஒளிகிறான்

வணக்கம் மேடம். தஞ்சாவூரிலிருந்து வந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறோம். மகனுக்கு 6 வயது, பாலர் பள்ளிக்குப் போகிறான். மாமனாரும் மாமியாரும் தினமும் ஊரில் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் வீடியோ காலில் கூப்பிடுவார்கள். போன் அடித்தாலே இவன் சோபாவுக்குப் பின்னால் ஓடிவிடுகிறான். போன வாரம் முதல் பால் பல் விழுந்தது. காட்டச் சொன்னால் வாயையே திறக்கவில்லை. “பேரனை எங்ககிட்டேயிருந்து பிரிச்சிட்டே” என்று அத்தை அழுதார்கள். அதிலிருந்து அந்த போன் வந்தாலே எனக்குப் படபடக்கிறது.
– ஒரு தாய், கோலாலம்பூர்

அன்புச் சகோதரி,

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஊரில் இரவு 8 என்றால் உங்கள் வீட்டில் 10.30. காலையில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை அப்போது நல்ல உறக்கத்தில் இருக்க வேண்டும். கண் சொக்கும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எரிச்சல்தான் வரும். பாசமில்லாமல் போய்விட்டது என்று எண்ணி வருந்தாதீர்கள்.

உங்கள் நேரம் மாலை 6.30-க்கு மாற்றுங்கள். ஊரில் அது 4 மணி, காபி நேரம். வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் போதும். அவன் சலிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

போனை அவன் கையில் கொடுக்க வேண்டாம். விரல் மைக்கை மூடிவிடும், அவர்களுக்கு ஃபேன் மட்டும்தான் தெரியும். நாலு புத்தகம் அடுக்கி அவன் கண் உயரத்துக்குச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேசினால் ஒரு குரல் அமுங்கிவிடும். பெரும்பாலும் அமுங்குவது பிள்ளையின் மெல்லிய குரல்தான். அவன் பதில் சொல்லியிருப்பான், “பேசவே மாட்டேங்கிறான்” என்று அங்கே நினைத்துக்கொள்வார்கள். ஒன்று கேட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கேட்பதும் மாற வேண்டும். “சாப்பிட்டியா? என்ன படிச்சே? ஒரு பாட்டுப் பாடு” என்று அடுக்கினால் பிள்ளைக்கு அது பரீட்சை. கைக்கு வேலை கொடுங்கள், வாய் தானாகத் திறக்கும். பரமபதம் நன்றாகப் பொருந்தும். இரு வீட்டிலும் ஒரே அட்டை இருக்க வேண்டும்; அட்டைக்கு அட்டை பாம்பும் ஏணியும் இடம் மாறும், காய் எங்கே நிற்கிறது என்று சண்டை வரும். உங்கள் அட்டையைப் படமெடுத்து அனுப்பி, ஊரில் பெரிய தாளில் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். தாத்தா அங்கே தாயம் உருட்டட்டும், அவர் காயை இவன் இங்கே நகர்த்தட்டும். “தாத்தாவைப் பாம்பு கடிச்சிடுச்சு!” என்று கத்துவதும் பேச்சுதான். அதைத் தமிழில் கத்துவான் என்பது கூடுதல் லாபம்.

பல் விஷயத்தில் அத்தையின் வருத்தம் நியாயமானது. சாணி உருண்டையில் பல்லை வைத்துக் கூரைமேல் எறியும் வழக்கத்துக்கு அடுக்குமாடியில் இடமேது? பல்லைக் கழுவிக் காயவைத்து, தேதி எழுதிய சின்ன டப்பாவில் வையுங்கள். விடுமுறைக்குப் போகும்போது பாட்டி கையால் எறியட்டும். இதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள், காத்திருக்க அவருக்கு ஒன்று கிடைக்கும். பால் பல் மொத்தம் 20. எல்லாம் விழுந்து முடிய ஏறக்குறைய 12 வயதாகும். அத்தை இழந்தது ஒன்றைத்தான்.

இதையெல்லாம் மாமியாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்களல்ல, உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் மருமகள் போட்ட தடை, மகன் சொன்னால் பேரனின் தூக்கம். “அம்மா, அவன் தூங்குற நேரம்மா. அவன் சாயங்காலம் பேசுவான், ராத்திரி நான் பேசுறேன்” என்று சொல்லட்டும். சொன்னபடி அந்த 8 மணி அழைப்பை அவரே எடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு மனம்விட்டுப் பேசும் அந்த நேரத்தை முதியவர்களிடமிருந்து பறித்தால் வேறு வருத்தம் முளைக்கும். அழுகை, ஆதங்கம் எல்லாம் அந்த அழைப்பில் மகனிடம் போகட்டும், பிள்ளை காதில் விழ வேண்டாம்.

பள்ளியிலும் அவன் யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், அல்லது முன்பு பேசியதே குறைந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மாற்றங்களுக்குப் பிறகும் ஒரு மாதம் கழித்து உங்களுக்குப் படபடப்பு நீடித்தால், அதற்கென்று தனியாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். நேரில் பார்த்துப் பேச வேண்டிய விஷயம் அது.