காலையில் கிளம்ப மறுக்கும் கார்புரேட்டர் கார்

கேள்வி: பழைய காரின் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பிரித்துச் சுத்தம் செய்து, புது ரிப்பேர் கிட் போட்டு மாட்டினேன். எஞ்சின் சூடாக இருந்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இரவு முழுக்க நின்றுவிட்டால் பேட்டரி இறங்கும்வரை சுற்றினாலும் வருவதில்லை. ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துளை) மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். சூட்டில் ஒழுங்காக ஓடும் வண்டியின் ஜெட்டில் கைவைத்தால் இருப்பதும் கெடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பெரும்பகுதி மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்) உள்சுவரிலேயே படிந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவதுதான் சோக்கின் வேலை.

எஞ்சினை ஓட்டாமல் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். சோக்கை இழுத்தால் தகடு முழுக்க மூட வேண்டும். திரும்ப மாட்டும்போது கேபிள் கிளாம்ப் தளர்வாக நின்றுவிடுவது அடிக்கடி நடப்பது; பாதி மூடிய சோக் காலையில் உதவாது. அடுத்து, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லீவரை ஒருமுறை திருப்புங்கள். மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்ச வேண்டும். வரவில்லையா? கார்புரேட்டரில் உள்ள ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாபிரம் (சவ்வு) போயிருக்கலாம், அல்லது ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் அறை) காலியாக இருக்கலாம்.

எது என்று அறிய, சேம்பரின் காற்றுத்துளை வழியாக சிரிஞ்சில் 20 மில்லி பெட்ரோல் விடுங்கள். சிந்தியதைத் துடைத்து, ஃபில்டரை மாட்டியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் சேம்பர் காலியாக இருந்ததுதான் காரணம்: பெட்ரோல் பம்பின் வால்வோ, காற்று இழுக்கும் ஹோஸோ இரவில் குழாயிலுள்ள பெட்ரோலைத் திரும்ப டேங்குக்கு இறங்க விடலாம். திறந்த கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு ஸ்டார்ட்டர் போடாதீர்கள். பேக்ஃபயர் ஆனால் (எஞ்சினிலிருந்து தீ திரும்பி வந்தால்) முகத்தில் தீ அடிக்கும்.

கேள்வி: ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பெட்ரோல் நெடி, பிளக் கழற்றினால் கறுத்து நனைந்திருக்கிறது. சேம்பருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வு புதிது.

பதில்: அப்படியானால் ஃப்ளோட்டை (சேம்பரில் மிதந்து நீடிலை மூடும் மிதவை) பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் முக்கிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தமும் கேட்கும். ஃப்ளோட் உயரத்தை அந்த மாடலின் மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். கேஸ்கெட்டோடு அளப்பதா, இல்லாமலா என்பதையும் அதிலேயே பாருங்கள். நீடிலின் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் அளந்தால் கணக்கு தப்பும்.

பெட்ரோல் அதிகமாகி நனைந்துவிட்ட எஞ்சினுக்கு: சோக்கை முழுக்கத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்து, 5 முதல் 10 விநாடி சுற்றுங்கள். மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் கூடும்.

கேள்வி: ஜெட் அடைப்பைக் கம்பியால் குத்தலாமா? ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

பதில்: இரும்புக் கம்பி கூடவே கூடாது, பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து ஊதுங்கள். ஸ்க்ரூவை இலேசாக உட்காரும்வரை மூடி, பொதுவாக ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்கலாம். இறுக்கி மூடினால் முனையில் வளையத் தழும்பு விழும். பிறகு ஐடிலிங் நிலைக்கவே நிலைக்காது. கடைசி ட்யூனிங் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே.