முதல் வார்ட்: ஐ.சி.யூ.வா, மெடிக்கலா?

தங்கச்சி, தாதிப் பயிற்சி முடித்த கையோடு மேட்ரன் "ஐ.சி.யூ.வா, மெடிக்கல் வார்டா" என்று கேட்டதில் குழம்பிப்போய் எழுதியிருக்கிறீங்க. நான் என்றால் மெடிக்கலைத்தான் கேட்பேன்.

ஐ.சி.யூ.வில் ஒன்றிரண்டு நோயாளிதான், ஆனால் மொனிட்டர் கத்திய பிறகு திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். வார்டில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று கண்தான் கண்டுபிடிக்கணும். நம்ம பக்கத்தில் குளவி கொட்டுறதையே எடுங்க. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து ஒரேயடியாக நாலைந்து பேர் வருவாங்க. அவசர சிகிச்சைப் பிரிவில், கடுமையான ஒவ்வாமைக்குப் போடுகிற அட்ரினலின் ஊசியை 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போட்டு, தேறிவிட்டார் என்று வார்டுக்கு அனுப்புவாங்க. சில மணி நேரம் கழித்து மறுபடி தடிப்பும் மூச்சுத்திணறலும் வரலாம். அதைப் பிடிக்கிறது ராத்திரி டியூட்டி மிஸ்தான்!

"நெஞ்சு கரிக்குது" என்று ஒரு ஆயா சொன்னால், அதைச் சிங்கள டொக்டருக்குச் சரியாகச் சொல்லவும் நீங்கதான் வேணும்.

ஒன்று மட்டும் முதலிலேயே கேளுங்க: முதல் சில மாதம் ராத்திரியில் சீனியர் ஒருவர் கூட நிற்பாரா? மெடிக்கலில் இல்லை, ஐ.சி.யூ.வில் உண்டு என்றால், நான் மேலே சொன்னதை விட்டுவிட்டு ஐ.சி.யூ.வுக்கே போங்க.