டாலஸில் கையில் திணித்த தாள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நாலு தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம். டாலஸில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் தங்கமானவர். அவரோடு அவர் போகும் பாப்டிஸ்ட் சபைக்கு ஒரு ஞாயிறு போனேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எல்லார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். இரண்டு வேட்பாளர்களின் படம். கீழே கருக்கலைப்பு, பள்ளியில் ஜெபம், இஸ்ரேல் என்று வரிசையாகப் போட்டு, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று இருந்தது. "கிறிஸ்தவர்கள் வேறு யாருக்கு ஓட்டுப் போட முடியும்?" என்றார் அந்த அம்மாள். நானும் அதே வேதத்தைத்தான் வாசிக்கிறேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகனோ, "அம்மா, நீங்க வாயைத் திறக்காதீங்க" என்கிறான். மறுபடி போகப்போகிறேன். குறை என் விசுவாசத்திலா? சபையும் கட்சியும் அங்கே இப்படி ஒட்டிக்கொண்டது எப்படி?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: டீச்சர், உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு அந்தத் தாளுக்கு வருகிறேன்.

அதில் 'இவருக்கு வாக்களியுங்கள்' என்று ஒரு வரி இருந்ததா? இருந்திருக்காது. வரிவிலக்கு பெறும் சபைகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது என்று 1954-இலேயே சட்டம் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் அப்போது டெக்சஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன். ஆகவே யாருக்குப் போடு என்று சொல்லாமல் கட்டம் போட்டுக் காட்டுவது. தொலைக்காட்சிப் பிரசங்கியார் பாட் ராபர்ட்சன் 1988-இல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று தோற்றார். தோற்ற கையோடு மறு வருடமே 'கிறிஸ்டியன் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தேர்தலுக்கு முந்தைய ஞாயிறுகளில் சபை சபையாக இத்தகைய தாள்களைக் கோடிக்கணக்கில் விநியோகித்தது அந்த அமைப்புதான். நீங்கள் பார்த்தது அந்தப் பரம்பரையில் வந்தது. அதில் என்னென்ன இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். கூலி, ஆஸ்பத்திரிச் செலவு, சிறை, அந்நியனை உபசரிப்பது... வேதத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் சங்கதிகளுக்கு அங்கே ஒரு கட்டம்கூடக் கிடைத்திருக்காது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 'அடிப்படைவாதி' என்பதை நாம் வசவாகச் சொல்கிறோம். இந்த வகைச் சபையாரோ அதைத் தாங்களே பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள். 1910 முதல் 1915 வரை ஓர் எண்ணெய்க் கம்பெனி அதிபரின் பணத்தில் 'அடிப்படைகள்' என்ற பெயரில் பன்னிரண்டு தொகுதிகள் இலவசமாக அச்சிட்டு அனுப்பப்பட்டன. அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் பரிணாமம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மீது 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் நடந்த வழக்கில் வேதத்தின் பக்கம் நின்று வாதாடியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றவர், ஜனநாயகக் கட்சிக்காரர், கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக வங்கிகளையும் பெருமுதலாளிகளையும் வெளுத்து வாங்கியவர். அவரை இன்று எழுப்பி உங்கள் தாளைக் கொடுத்தால் தன்னை எந்தப் பத்தியில் வைப்பது என்று தெரியாமல் விழிப்பார்.

1965-இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போகும் போதகர்களைக் கண்டித்து, போதகனின் வேலை ஆத்தும ஆதாயம், அரசியல் அல்ல என்றார். பதினான்கு வருடம் கழித்து, 1979-இல், 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கியவரும் அதே ஃபால்வெல்தான். நடுவில் என்ன நடந்தது?

கருக்கலைப்பு என்பார்கள். உச்ச நீதிமன்றம் அதை 1973-இல் அனுமதித்தது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடே, வன்புணர்ச்சி, சிசுவின் கடும் ஊனம், தாயின் உடல் மன நலம் போன்ற காரணங்களுக்காக அதை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. அது கத்தோலிக்கர்களின் கவலை என்றே அவர்களில் பலர் அப்போது நினைத்தார்கள்.

போதகர்களை உசுப்பியது வேறொன்று. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, தெற்கே சபைகளின் பெயரால் தனியார் பள்ளிகள் முளைத்தன. நிறபேதம் பார்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்றது அரசு. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், இனம் மாறிக் காதலிக்கக் கூடாது என்று மாணவர்களுக்கு விதி வைத்திருந்தது. 1976-இல் அதன் விலக்கு ரத்தானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1983-இல் எட்டுக்கு ஒன்று என்று தோற்றது. போதகர்களைக் குடியரசுக் கட்சிப் பக்கம் திரட்டிய பால் வெய்ரிக், அவர்களைக் கிளப்பியது இந்த வரிச் சண்டைதான் என்று பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். பள்ளி ஜெபத்தை நீதிமன்றம் 1962-இல் தடுத்ததில் வந்த கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. கருக்கலைப்பை மனதார வெறுப்பவர்கள் ஏராளம், உங்கள் பக்கத்து வீட்டு அம்மாளும் அப்படித்தான் இருப்பார். ஆனால் 'நிறபேதப் பள்ளிக்கு வரிவிலக்கு கொடு' என்று கொடி பிடித்தால் யார் வருவார்கள்? 'சிசுவைக் காப்பாற்று' என்றால் வருவார்கள்.

மிச்சம் உங்கள் டாலஸிலேயே நடந்தது. 1980 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான போதகர்கள் அங்கே கூடினார்கள். மேடையேறிய குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் ரொனால்ட் ரீகன், "நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன்" என்ற பொருளில் பேசினார். அரங்கம் அதிர்ந்தது. ரீகன் விவாகரத்தாகி மறுமணம் செய்தவர். கலிபோர்னியா கவர்னராக 1967-இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். எதிரே நின்ற ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரோ விசுவாசத்தில் மறுபடியும் பிறந்தவர் என்று வெளிப்படையாகச் சாட்சி சொன்ன பாப்டிஸ்ட், சண்டே ஸ்கூல் வாத்தியார். தோற்றவர் கார்ட்டர். ஓட்டைத் தீர்மானித்தது விசுவாசம்தான் என்றால் இது எப்படி நடந்திருக்கும்? 2016-இலும் அதற்குப் பிறகும் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில், அதாவது இந்த வகைச் சுவிசேஷ சபையாரில், பத்துக்கு எட்டுப் பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள். அவரும் வாக்கைக் காப்பாற்றினார்: அவர் நியமித்த மூன்று நீதிபதிகளின் பலத்தில் 1973 தீர்ப்பு 2022 ஜூனில் தூக்கியெறியப்பட்டது.

இஸ்ரேல் எதற்கு அந்தத் தாளில் என்று நீங்கள் திகைத்திருக்க மாட்டீர்கள். கிறிஸ்து வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்ற 'இரகசிய வருகை' பிரசங்கம் நம் ஊர் கன்வென்ஷன் பந்தல்களிலும் கேட்டதுதானே! இஸ்ரேலை நடுவில் வைத்துப் போடும் அந்தக் கடைசிக்காலக் கணக்கை அமெரிக்காவில் வீடு வீடாகக் கொண்டுபோனது ஸ்கோஃபீல்ட் குறிப்புரை வேதாகமம், 1909-இல் வந்தது. அதன் குறிப்புகளை எழுதிய ஸ்கோஃபீல்டும் டாலஸில் போதகராக இருந்தவர். 2018-இல் எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறந்தபோது ஜெபித்தவரும் ஒரு டாலஸ் பாப்டிஸ்ட் போதகரே.

இனி உங்கள் சங்கடம். மகன் சொல்வதில் பாதி சரி. வேலை விசாவோ, பக்கத்து வீட்டு உறவோ, அவர் கவலை அவருக்கு. அந்த அம்மாளிடம் ரீகனையும் வரிவிலக்கையும் எடுத்துக் கடை விரிக்க வேண்டாம். அவர் மறுபடி கேட்டால் மட்டும், பாப்டிஸ்டுகளின் கதையையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கனெக்டிகட்டில் வேறொரு சபை அரசாங்க சபையாக இருந்த காலத்தில் நெருக்கடிக்கு ஆளான டான்பரி ஊர் பாப்டிஸ்டுகள் ஜனாதிபதி ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். அதற்கு 1802-இல் அவர் எழுதிய பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவே 'பிரிவினைச் சுவர்' என்ற புகழ்பெற்ற சொல் வருகிறது. அந்தச் சுவருக்காக மன்றாடியவர்கள் அந்த அம்மாளுடைய சபை முன்னோர்கள்.

இன்னொன்று. இந்த முறை போகும்போது ஒரு ஞாயிறு டாலஸிலேயே கறுப்பினத்தவர் கூடும் பாப்டிஸ்ட் சபை ஒன்றுக்குக் கூட்டிப்போகச் சொல்லி மகனிடம் கேளுங்கள். அதே வேதம், அதே முழுக்கு ஞானஸ்நானம், பாட்டும் பாதி அதேதான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஓட்டு மற்றக் கட்சியான ஜனநாயகக் கட்சிக்கு. முடிந்தால் பக்கத்து வீட்டு அம்மாளையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆராதனை நீளும், மத்தியானச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.