டாக்டர் பதில்கள்: மாத்திரையைக் குறைக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வாரா?

கேள்வி: எனக்கு 74 வயது. ரொம்ப வருஷமாக பிரஷர், சர்க்கரை. ஊரில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். போன வருஷம் சேலத்தில் இதய டாக்டரைப் பார்த்தோம். பெங்களூரில் இருக்கும் மகன் முட்டிவலிக்கு அங்கே ஒருவரிடம் காட்டினான். இப்போது ஒரு நாளைக்குப் பதிமூன்று மாத்திரை. தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறது. பாதியை நிறுத்திவிடலாமா? டாக்டரிடம் கேட்டால் "அப்ப நீங்களே வைத்தியம் பாத்துக்குங்க" என்பாரோ என்று பயம். மாத்திரைப் பெயர்களை எழுதியிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: தாராளமாகக் கேளுங்கள் ஐயா. டாக்டர் அவசரத்தில் இருப்பார், அது வேறு. கோபித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. தர்மபுரி பக்கம் அரசு வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்த கூத்து இது. பெரியவருக்கு மாத்திரை அலுத்திருக்கும், சொல்ல மாட்டார். சீட்டில் மாத்திரை குறைந்தால் பெரியவர் வருத்தப்படுவார் என்று டாக்டர் நினைப்பார். 'அதே மாத்திரை' என்று ஒரு வரி எழுதியே வருஷங்கள் ஓடிவிடும்.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் இதையே கேட்டு, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். டாக்டர் முடியும் என்று சொன்னால் ஒரு மருந்தையாவது விடத் தயார் என்றவர்கள் 92 சதவீதம். ஆக, பேச்சை ஆரம்பிக்கத்தான் ஆள் இல்லை.

இனி உங்கள் பட்டியல். அதில் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இரண்டு தடவை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வருவதில் மருந்தின் பெயரே அச்சாகியிருக்கும். சேலத்தில் எழுதியது கம்பெனி வைத்த பெயரில் இருக்கிறது. இரண்டும் ஒரே மருந்துதான். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு நீங்கள் சேலம் போய்வந்தது எப்படித் தெரியும்?

அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு யாரோ நீர் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இந்த வகை வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வற்றாது. உடம்பில் நீர் குறைந்து, எழுந்து நின்றால் தலைதான் சுற்றும். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு. அது பிரஷரையும் ஏற்றும், காலையும் வீங்க வைக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சிறுநீரகம் தளர்ந்த உடம்பில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை தங்கி நின்று, ஒரு வேளை களி தவறினாலும் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.

ஆகவே உங்கள் தலைசுற்றலுக்கு வயசுதான் காரணம் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அதற்காக நீங்களே பாதியை நிறுத்தவும் வேண்டாம். எந்தப் பாதி? பட்டியலில் மெட்டோபுரோலால் என்ற பிரஷர், இதய மாத்திரை இருக்கிறது. அதைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பு வரைக்கும் போகலாம். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எல்லாம் இதே ரகம். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

அம்லோடிபின் விஷயத்தைத் தள்ளிப்போடாமல் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மற்றதற்கு, வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, தைலம், சூரணம், நாட்டு மருந்து உட்பட, ஒரே டாக்டரிடம் கொண்டு போங்கள். மூன்று பேரிடம் காட்டினால் மூன்று சீட்டு வரும். "இதில் இப்போது எனக்கு எது தேவையில்லை?" என்று கேளுங்கள். குறைத்தால், எப்போது வந்து பிரஷர், சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மகனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து போன் போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பிக்கச் சொல்வார்.

கேள்வி: என் மாமியாருக்கு 80 வயது. பல வருஷம் சாப்பிட்ட பான்டோபிரசோல் என்ற அமில மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். "என்னைக் கைகழுவிட்டாங்க" என்று அழுகிறார். மெடிக்கலில் வாங்கித் தரச் சொல்கிறார். நெஞ்செரிச்சலும் வந்திருக்கிறது.
- ஒரு மருமகள், ஊத்தங்கரை

பதில்: இந்த வயதில் மாத்திரையை எடுத்தால், இனி பார்த்துப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் மனசு நினைக்கும். வயிறு சரியாகிவிட்டதால்தான் நிறுத்தினார்கள் என்பதை டாக்டரே அவரிடம் சொல்லட்டும். மருமகள் சொன்னால் எடுபடாது. நெடுநாள் சாப்பிட்டதை ஒரேயடியாக விட்டால் கொஞ்ச நாளைக்கு அமிலம் கூடுதலாகச் சுரக்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தலாமா என்று கேளுங்கள். அம்மா இதயத்துக்கு ஆஸ்பிரினோ மூட்டுவலிக்கு மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால், வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காக்க பான்டோபிரசோல் தேவைப்படலாம். நிறுத்திய டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.