குளிர்காலம் முழுக்கக் கட்டிக் கிடந்த நாரோபோட்டை ஈஸ்டருக்கு எடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில், பான்பரி பக்கம் ஒரு மெரினாவில் (படகு நிறுத்துமிடம்) நவம்பரிலிருந்து பூட்டிக் கிடக்கும் நாரோபோட்டை, அதாவது குறுகலான நீளக் கால்வாய்ப் படகை, ஈஸ்டர் விடுமுறையில் எடுத்து ஆக்ஸ்ஃபோர்டு வரை போகத் திட்டம், எஞ்சின் கிளம்புமோ கிளம்பாதோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே கால்வாயில் படகு வைத்திருக்கிறேன். எஞ்சினைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். ஆயில், கூலன்ட், பெல்ட் மூன்றும் சரியாக இருந்து பேட்டரியில் சார்ஜும் இருந்தால், கொஞ்சம் இருமிப் புகை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிடும். படகைப் படுத்துவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

முதலில் குழாய்களைப் பாருங்கள். உறைபனியில் உள்ளே நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து எதையாவது பிளந்திருக்கும். அதிகம் அடி வாங்குவது ஷவரில் சுடுநீரும் குளிர்நீரும் கலக்கும் அந்த வால்வு. நவம்பரில் எல்லாக் குழாயையும் திறந்து வடித்தவர்கள்கூட இதற்குள் தங்கும் நீரை மறந்துவிடுவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பம்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் தானாக நிற்கும். ரேடியோ, பேச்சு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் மறுபடி 'டிர்ர்' என்றால், எங்கோ ஒழுகுகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தேட வேண்டியதுதான்.

அடுத்து பின்பக்கம், எஞ்சின் பலகைக்குக் கீழே. காற்றாடியின் (படகைத் தள்ளும் ப்ரொப்பல்லர்) தண்டு படகை விட்டு வெளியே போகும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் இருக்கிறது. கிரீஸ் போடும் பழைய வகையாக இருந்தால் ஓடும்போது ஓரிரு சொட்டு விழுவது சகஜம். ஓட்டி முடித்ததும் கிரீஸ் கப்பின் பித்தளைக் கைப்பிடியைக் கை இறுகும் வரை திருகினால் சொட்டு நிற்க வேண்டும். நிற்காமல் ஒழுகினால் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங்கை மாற்றும் வேலை இருக்கிறது. இதோடு பேட்டரியையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அது இறங்கிப்போனால் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் தானியங்கி பம்பும் நின்றுவிடும். ஏப்ரலில் பலகையைத் தூக்கிப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

காற்றாடியில் சிக்கியதை உள்ளிருந்தே எடுக்க உதவும் மூடி போட்ட திறப்பு, வீட் ஹாட்ச், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். காற்றாடியில் பிளாஸ்டிக் பை, கயிறு, சில சமயம் சேலை நீளத்துக்குத் துணிகூடச் சுற்றியிருக்கும். எடுத்து முடித்ததும் மூடியை நன்றாக இறுக்கி, கையால் அசைத்துப் பாருங்கள். மூடி சரியாக உட்காராமல் கிளம்பினால் காற்றாடி தள்ளும் தண்ணீர் நேராக உள்ளே கொட்டும். நாரோபோட்டுகள் மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீசலிலும் தண்ணீர் சேரும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்சுவரில் வியர்த்து அடியில் தங்கும், அப்புறம் அங்கே கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். நீர் பிரிக்கும் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் இறக்கிப் பார்த்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இவற்றின் தேதிகளைச் சரிபாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஏப்ரலில் இரவில் அடுப்பு மூட்டாமல் இருக்கப் போவதில்லை, அதனால் புகைக்குழாயையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

இனி வழி. கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், பெரிய பழுதுவேலைகளை நவம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளும். சில வேலைகள் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்கள் தளத்தில் அடைப்பு அறிவிப்புகளைப் பாருங்கள். 2025 கோடையில் வறட்சியால் பல கால்வாய்களை மூடியது நினைவிருக்கும். வசந்தத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான பிரச்சினை, தண்ணீர் அதிகம்.

உங்கள் வழியில் லாக்குகள் நிறைய. லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டிதான், ஆனால் குளிர்காலம் முழுக்க விண்ட்லாஸை (லாக்கின் நீர்த்திறப்புகளைத் திருகும் கைப்பிடி) தொடாத கைக்குக் கொஞ்சம் தடுமாறும். அயின்ஹோ வெயர் லாக் சாய்சதுரம் மாதிரி அகலமாக இருக்கும், இறக்கம் சொற்பம். அடுத்து வரும் சோமர்ட்டன் டீப் லாக் 12 அடி ஆழம். அதை நிரப்பப் போதுமான தண்ணீர் கீழே வர வேண்டும் என்றுதான் முன்னதை அகலமாகக் கட்டினார்கள். சோமர்ட்டனில் இறங்கும்போது பேசிக்கொண்டிருக்க வேண்டாம், கவனம் முழுக்க லாக்கில் இருக்கட்டும். மேல்கதவுக்கு அடியில் சில் என்ற திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது எதுவரை என்று கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். அதன்மேல் மாட்டிக்கொண்டால் தண்ணீர் இறங்க இறங்கப் படகு மூக்கு குப்புறச் சாயும். சுக்கான் பிடிப்பவர் அதை மட்டும் பார்க்கட்டும், கரையில் நின்று பேடிலை (தண்ணீரை விடும் அடைப்பு) திறப்பவர் சுக்கான் பிடிப்பவரைப் பார்க்கட்டும்.

பேக்கர்ஸ் லாக்குக்குக் கீழே ஷிப்டன் வெயர் லாக் வரை கிட்டத்தட்ட ஒரு மைல் தூரம் கால்வாய் செர்வெல் ஆற்றோடு சேர்ந்துவிடும். அங்கே நீர்மட்டப் பலகை இருக்கிறது. பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் லாக்குக்கு மேலேயே கட்டிப்போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

என்னைக் கேட்டால் ஈஸ்டருக்கு ஆக்ஸ்ஃபோர்டு வேண்டாம், வழியிலேயே இருக்கும் ஹெய்ஃபோர்டு போதும். வேக வரம்பே மணிக்கு 4 மைல்தான், கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதியாகக் குறைக்க வேண்டும். ஹெய்ஃபோர்டில் ரயில் நிலையம் கால்வாயை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து பான்பரிக்கும் ரயில், ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ரயில். மழை பிடித்துக்கொண்டாலோ லீவு முடிந்தாலோ படகை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அடுத்த வார இறுதியில் வந்து எடுக்கலாம். கரைப்பாதை ஓரம் பொதுவாக 14 நாள் வரை நிறுத்தலாம். பலகையில் அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் பலகைதான் கணக்கு.