கிராமத்தில் புதிதாக ஒரு வழிபாட்டுத் தலம் கட்ட இருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

ஊரில் 150 குடும்பங்கள் இருப்பதாகவும், ஒருவர் நிலம் தரத் தயாராக இருப்பதாகவும், எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்று உங்களுக்குள் பேச்சு நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோயிலா, பள்ளிவாசலா, தேவாலயமா என்று சொல்லவில்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும். கட்டுமானக் குழுக்களில் கணக்கு எழுதும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நிலம். 'தருகிறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பி வாஸ்து பார்க்கவோ வரைபடம் போடவோ போகாதீர்கள். பதிவு செய்த அறக்கட்டளையோ சங்கமோ ஒன்றை அமைத்து, அதன் பெயருக்குப் பத்திரம் முடிந்த பிறகுதான் மற்ற வேலை. தலைவர் பெயரில் வேண்டவே வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அவருக்குப் பின்னால் வாரிசுகள் இருக்கிறார்கள். கொடுப்பவருடைய பிள்ளைகளுக்கும் இதில் சம்மதமா என்று நேரில் கேளுங்கள். நிலத்துக்குப் போகும் பாதையும் பத்திரத்தில் வர வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் அங்கே போய் நின்று பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது அன்றைக்கு நன்றாகத் தெரியும். திசையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பள்ளிவாசலுக்குக் கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை; கோயிலுக்குப் பெரும்பாலும் கிழக்கு. நிலத்தின் வடிவம் திசைக்கு ஒத்துவராவிட்டால் பாதி இடம் மூலைகளிலேயே வீணாகும்.

அடுத்தது அளவு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: திருவிழாக் கூட்டத்தை மனதில் வைத்துக் கட்டடத்தின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். வருடத்தில் ஓரிரு நாள் வரும் கூட்டத்துக்காக ஒரு பெரிய மண்டபத்தை எழுப்பிவிட்டு, மற்ற நாட்களில் அதற்குள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதை நிறைய ஊர்களில் பார்த்திருக்கிறேன். மின் கட்டணமும் வெள்ளையடிப்பும் மொத்த மண்டபத்துக்கும்தான் ஆகும். வெறும் சிமென்ட் பூச்சுச் சுவர்கள் கொண்ட பெரிய கூடத்தில் எதிரொலி வேறு. வாசிப்பதும் ஓதுவதும் காதில் தெளிவாக விழாது, அதற்காக ஒலிபெருக்கி வாங்கி மேலும் கெடுப்பார்கள்.

சாதாரண வாரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். தரையில் உட்காருபவருக்குச் சுமார் 6 சதுர அடி, தொழுகைக்கு என்றால் சுமார் 8 சதுர அடி போதும். 60 பேர் என்றால் நடமாடும் இடத்தையும் சேர்த்து 600 சதுர அடிக்குள் முடிந்துவிடும். பெருங்கூட்டத்துக்கு முன்னால் சமமான முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், வெளிப்பக்கம் திறக்கும் அகலமான கதவுகள் இருக்கட்டும். பத்திரம் முடிந்த வாரமே முற்றத்தில் மரக்கன்றுகளை நட்டுவிடுங்கள். நிழலை மட்டும் பணம் கொடுத்து உடனே வாங்க முடியாது.

சிறிதாகக் கட்டினால் மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால், மகாராஷ்டிராவில் வடேஷ்வர் என்ற ஊரில் 2010இல் கட்டிய சிவன் கோயிலைக் காட்டுங்கள். சமீப் படோரா என்ற கட்டடக் கலைஞர் பூசாரியோடும் சுற்றுவட்டார மக்களோடும் பேசி வடிவமைத்தது. ஊரார் தங்கள் உழைப்பையே கொடையாகக் கொடுத்தார்கள். பக்கத்துக் குவாரியில் கிடைத்த கருங்கல்லே முக்கியப் பொருள். சிறிய கோயில்தான், கம்பீரத்துக்குக் குறைவில்லை.

பணம் வர வர வளர்த்துக்கொண்டு போவதிலும் தவறே இல்லை. நைஜர் நாட்டில் யாமா என்ற கிராமத்தின் பள்ளிவாசலை 1962இல் மண்ணால் தொடங்கினார்கள். ஃபால்கே பார்மூ என்ற உள்ளூர்க் கொத்தனார்தான் பொறுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியும் சேர்த்தும் 1982 வரை வேலை நடந்தது. 1986இல் அதற்குக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. ஆனால் ஒன்று: முதல் கட்டத்திலேயே வழிபாடு தொடங்கிவிடும்படி திட்டம் இருக்க வேண்டும். பாதித் தூண்களோடு நிற்கும் கட்டடம் ஊரையே சோர்வடையச் செய்துவிடும்.

ஊரில் பழைய தலம் ஏதாவது இருந்தால் இடிக்கும் முன் பொறுங்கள். அதே நைஜரில் தண்டாஜி கிராமத்தில் புதிய பள்ளிவாசல் பக்கத்திலேயே எழுந்தபோது, பழையதைக் கட்டிய கொத்தனார்களையே அழைத்துப் புதுப்பித்து நூலகமாக்கினார்கள்.

பராமரிப்பை யார் செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மாலி நாட்டின் ஜென்னே நகரத்தில் 1907இல் கட்டிய பெரிய மண் பள்ளிவாசலுக்கு வருடந்தோறும் ஊரே திரண்டு மண் பூசுகிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள்தான் ஏறி நிற்கும் சாரம். அதாவது கட்டும்போதே பராமரிப்பை யோசித்திருக்கிறார்கள். உங்களுடையது கான்கிரீட்டாக இருந்தாலும் தளத்தில் நீர்க்கசிவு வரும், வர்ணம் உரியும். வசூலில் ஒரு பங்கைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டுவது, இந்த இரண்டும் இருந்தால் பாதிச் சண்டை வராது.

வரைபடம் போடுபவரிடம் போகும்போது கழிப்பறை, கை கால் கழுவும் இடம், பெண்களுக்கான இடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். கடைசியில் நினைவு வந்தால் பின்பக்கத்தில் ஏதோ ஒரு தகரக் கொட்டகைதான் மிஞ்சும். படிக்கட்டோடு சாய்தளமும் கேளுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் சக்கர நாற்காலியைத் தள்ளுவது கஷ்டம். உயரமான கோபுரமோ மினாரோ வைப்பதாக இருந்தால் இடிதாங்கியும் கட்டாயம்.

அப்புறம், நிலத்தை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களை, வேறு மதத்தவராக இருந்தால் இன்னும் கட்டாயமாக, அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே போய்ப் பாருங்கள். வரைபடத்தைக் கையில் கொடுத்து, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், திருவிழா அன்று வண்டிகள் எங்கே நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள். அவர்கள் ஏதாவது மாற்றச் சொன்னால் அந்தக் கட்டத்தில் காகிதத்தில் ஒரு கோட்டை அழித்துப் போட்டால் போதும்.