மறைந்த அக்காவின் பெயரில் நினைவு நிதி தொடங்கி, துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளுக்கான ஆலோசனை மையம் ஒன்றுக்கு உதவ நினைக்கிறோம். பணத்தை எதற்குக் கொடுப்பது பயனுள்ளது?

சம்பளத்துக்குக் கொடுங்கள். அங்கே வேலை செய்யும் ஆற்றுப்படுத்துநர் (உளவியல் ஆலோசகர்) ஒருவருடைய சம்பளத்தை மூன்று நான்கு வருடங்களுக்கு ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் உறுதி கொடுங்கள். அக்காவின் பெயரில் ஓர் அறை கட்டுவது, நினைவு நாளில் பொம்மைகள் வழங்குவது, வைப்புத்தொகையின் வட்டியை அனுப்பிவருவது என்று மூன்று யோசனைகள் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் நல்ல மனதில் வந்தவைதான். ஆனால் இப்படிப்பட்ட மையம் ஒன்றின் வரவு செலவைச் சில காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே மாதக் கடைசியில் தூக்கம் கெடுவது கட்டடத்தை நினைத்து அல்ல.

ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் காரணம் விளங்கும். குழந்தையை உட்காரவைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பும் வேலை இல்லை அது. ஜூடித் கோஹன், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவரும் உருவாக்கிய சிகிச்சை முறை ஒன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. பொதுவாக வாரம் ஒன்றாக 12 முதல் 25 அமர்வுகள். குழந்தையோடு தனியாக, கூட வரும் பெற்றோரோடு தனியாக, பிறகு இருவரையும் சேர்த்து. நடந்ததைப் பற்றிக் குழந்தை வாய் திறப்பது நடுவில்தான். அதற்கு முன்பு பல வாரங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவரை நம்பலாமா என்று அது சோதித்துக்கொண்டே இருக்கும். வேண்டுமென்றே வண்ணத்தைக் கொட்டும், ஒரு வாரம் வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பெரியவர் ஒருவரால் ஏமாற்றப்பட்ட குழந்தை அப்படித்தான் செய்யும். இந்த இடத்தில் ஓராண்டு மானியம் முடிந்து ஆற்றுப்படுத்துநர் வேறு வேலைக்குப் போய்விட்டால், புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில குழந்தைகள் தொடங்குவதே இல்லை.

கட்டடத்தில் கல்வெட்டு பதிக்கலாம், சம்பளப் பட்டியலில் பதிக்க முடியாது. அதனால்தான் கட்டடங்களுக்குப் பணம் வருகிறது.

சம்பளத்தோடு சேர்த்து மேற்பார்வைச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் இத்தகைய கதைகளைக் கேட்பவர்களுக்கு அதன் பாதிப்பு இறங்கும். தூக்கம் போகும், சொந்தப் பிள்ளைகளை வெளியே விடவே பயம் வரும். மூத்த சிகிச்சையாளர் ஒருவர் அவர்களோடு முறையாக உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் பேசுவது இந்தத் தொழிலின் அடிப்படைத் தேவை. பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

பொம்மை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் மையத்துக்கு வந்த நன்கொடை மூட்டைகளில் பெரும்பாலும் பேட்டரியில் தானே ஆடிப் பாடும் பொம்மைகளும், பாதித் துண்டுகள் தொலைந்த புதிர்ப் பெட்டிகளும்தான் இருக்கும். சிகிச்சை அறைக்கு வேண்டியவை வேறு: மணல் தட்டு, விலங்குப் பொம்மைகள், அப்பா அம்மா பாட்டி குழந்தை என ஒரு குடும்பமாக இருக்கும் சின்ன உருவங்கள், கைப்பாவைகள், மருத்துவர் பெட்டி. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1920களின் இறுதியில் குழந்தைகள் தங்கள் உலகத்தை மணலில் அமைத்துக் காட்டும் முறையை உருவாக்கினார். அதன் வழிவந்தவைதான் இந்தத் தட்டுகள். ஒவ்வொரு பொருளும் வாராவாரம் அதே அலமாரியில் அதே தட்டில் இருக்க வேண்டும். போன வாரம் மணலில் புதைத்த முதலையை இந்த வாரம் தேடி வரும் குழந்தைக்கு அது அங்கே இருந்தாக வேண்டும். உடைந்தால் அதே போன்ற இன்னொன்று வாங்க வேண்டும். ஆகவே பொம்மையாகக் கொடுக்காதீர்கள், தேய்மானச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையாகக் கொடுங்கள்.

வட்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலைவாசி உயர்ந்தாலும் மூலதனம் கரையாமல் நிற்க, ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம்தான் எடுக்கலாம் என்பது அறக்கட்டளைகளில் பரவலாக உள்ள வழக்கம். அப்படியானால் ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்துக்கு அதைப்போல் 20 முதல் 25 மடங்கு தொகை முடங்கிக் கிடக்க வேண்டும். குடும்பத்துக்குள் திரட்டும் பணத்தில் இது நடக்காது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முழுவதையும் செலவழித்து முடிக்கும் நிதியாக வையுங்கள். அக்காவின் பெயர் என்றென்றும் நிற்காதே என்று வீட்டில் யாராவது வருத்தப்படுவார்கள். படட்டும்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை குழந்தைகள் குணமானார்கள் என்று கேட்காதீர்கள். அதற்குச் சட்டென்று பதில் சொல்லும் மையத்தை எனக்குப் பிடிக்காது. காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம், ஊழியர்களையும் தன்னார்வலர்களையும் சேர்க்குமுன் பின்னணியை எப்படி விசாரிக்கிறீர்கள், உங்கள் ஊழியர் மீதே புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஹண்ட்ஸ்வில்லில் 1985இலும் ஐஸ்லாந்தில் 1998இலும் தொடங்கிய மாதிரி மையங்களில், காவல்துறை, மருத்துவம், குழந்தை நலம், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. குழந்தை ஒவ்வொரு அலுவலகமாகப் போய் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பார்க்கும் மையத்துக்கு மற்ற துறைகளோடு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா, விசாரணை முடிந்த பிறகும் சிகிச்சை தொடர்கிறதா என்பது முக்கியம்.

நினைவு நாளில் குழந்தைகளைச் சந்திக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 39ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தை உடலாலும் மனதாலும் மீள அரசுகள் உதவ வேண்டும் என்கிறது. 16ஆவது பிரிவு அந்தரங்கத்தைக் காக்கிறது. நன்றி சொல்ல வரிசையில் நிறுத்தப்படும் குழந்தைக்கு இரண்டும் இல்லை. அக்காவின் படத்தை வரவேற்பறையில் மாட்டுவதும் வேண்டாம் என்பேன். காத்திருக்கும் குழந்தை ‘இவங்க யார், என்ன ஆச்சு’ என்று கட்டாயம் கேட்கும். அலுவலக அறையில் மாட்டலாம்.

நிதிப் பத்திரம் எழுதும்போது, மையம் மூடப்பட்டாலோ வேறு வேலைக்கு மாறினாலோ மீதித் தொகை எங்கே போகும் என்பதைக் கட்டாயம் சேருங்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரையாவது அறங்காவலராகப் போடுங்கள். பணத்தைக் காலாண்டின் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள், சம்பள நாள் உங்கள் குடும்பக் கூட்டத்துக்காகக் காத்திருக்காது.